நல்ல காதுக்கு ஒரு சான்றிதழ்

அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே இல்லை. தொட்டிக்காரர் மனைவியின் காதோடு காதாக, "உங்கண்ணன் என் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு போல" என்று சொன்னால், எதிர்வீட்டு மாடியிலிருந்து தையல்காரர் பதில் சொல்வார்: "போயிட்டாருங்க. நீலச் சட்டை. கை கொஞ்சம் நீளமா இருந்துச்சு, மடிச்சு விட்டிருந்தாரு."

தொட்டிக்காரருக்கு அந்தப் பதிலும் கேட்காது. மனைவி அதைத் தன் குரலில் மறுபடி சொல்ல வேண்டும்.

எண்ணெய்க்கும் தண்ணீருக்குமான பெரிய இரும்புத் தொட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் அவர் இருபத்து மூன்று வருடமாகச் சுத்தியல் பிடித்தவர். காது ஒரே நாளில் போகவில்லை. மெல்லிய சத்தங்கள் முதலில் போயின. கரண்டி விழுவது கேட்காமல் போனது. கதவு மணி போனது. பிறகு மகளின் குரல் போனது. அவளுக்குக் கீச்சுக் குரல். ஜெராக்ஸ் கடையில் வேலை செய்யும் அந்தப் பெண் பேசப் பேச, அப்பாவின் கண் அவள் உதட்டிலேயே இருக்கும். உதட்டைப் படித்தே அவள் சண்டைக்கெல்லாம் அவர் சரியாகப் பதில் சண்டை போட்டார்.

மிஞ்சியது மனைவியின் குரல். அந்தம்மாவுக்குக் கட்டைக் குரல். தெருவில் அவளுக்குப் பெயரே 'சங்கு'. தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள், "சார், வீட்டுல அம்மா இருக்காங்களா" என்பார்கள். "அம்மாதான் பேசறேன், சொல்லுங்க சார்" என்பாள். பள்ளிக்கூடத்தில் பாட விடவில்லை, பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் அவள் வாயைத் திறந்ததும் எழுந்து போனார்கள். அப்படிப்பட்ட குரல், சுத்தியல் தின்றது போக இவர் காதில் எஞ்சியிருந்த இடத்தில் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு அவள் பேசினாலும் இவருக்குக் கேட்கும். வேறு யாருக்கும் அந்தச் சலுகை இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை, "எல்லாம் ஆண்டவன் சோதனை" என்றாள்.

"ஆண்டவனா சுத்தியலை எடுத்து அடிச்சான்? இவரு அடிச்சாரு, முதலாளி அடிக்கச் சொன்னாரு. காதுல வைக்கப் பஞ்சுகூடக் குடுக்கல. இதுக்கு எதுக்கு மேல இருக்கறவனை இழுக்கறே" என்றாள் சங்கு. பக்கத்து வீட்டுக்காரி அதற்குப் பிறகு தண்ணீர் வந்ததா என்பதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

வீட்டில் நான்காவது ஆள் சங்கின் அண்ணன். நீதிமன்றத்தில் பதினோரு வருடம் கதவு திறந்துவிட்டவர். கதவுக்கு உள்ளே நடந்ததையெல்லாம் பாதிப் பாதியாகக் கேட்டவர் என்பதால் 'வக்கீல்' என்று பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் எது நடந்தாலும் அவரிடம் ஒரு சட்டம் இருக்கும். குளியலறையில் யார் முதலில் போவது என்பதற்குக்கூட.

மேஜைத் தட்டல் அவருடைய ஏற்பாடு. ஒரு தட்டு என்றால் இங்கே பார். இரண்டு என்றால் சாப்பாடு. மூன்று என்றால் யாரோ வந்திருக்கிறார்கள். விடாமல் தட்டினால், நீங்கள் சொல்லக் கூடாததைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், நிறுத்துங்கள் என்று அர்த்தம். விருந்தாளிகள் வந்தால் அந்த மேஜை மத்தளம்போல அதிரும். வந்தவர்கள் இதென்ன பழக்கம் என்று விழித்துவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒருவருக்கும் இவர் செவிடு என்று தெரியாது. அதில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கர்வமே இருந்தது.

அந்தக் கர்வத்தின் மேல்தான் இடி விழுந்தது. தொழிற்சாலையில் எல்லோருக்கும் காது பரிசோதனை என்று அறிவித்தார்கள்.

"முடிஞ்சுது" என்றார் வக்கீல். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி கண் பரிசோதனை வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா மாப்ளே? மூணு பேருக்குப் பார்வை மங்கல்னு வந்துச்சு. ஒரே வாரத்துல மூணு பேரும் வீட்டுல. சட்டப்படி பரிசோதனைங்கறது வெளியே தள்ளறதுக்கு முந்தின படி."

இந்தத் தடவை அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த மூன்று பேரையும் தொட்டிக்காரருக்குத் தெரியும். அதிலொருவன் இப்போது பேருந்து நிலையத்தில் சீப்பு விற்கிறான்.

ஆகவே குடும்பம் களத்தில் இறங்கியது. காலை ஷிப்டில் பரிசோதனை முடித்தவர்களிடம் மகள் போய் விசாரித்து வந்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைப்பார்கள். இரண்டு காதையும் மூடி ஒன்று மாட்டுவார்கள். வெளியே நர்ஸ் ஒரு பெட்டியில் பொத்தானை அமுக்குவாள், உள்ளே சத்தம் வரும். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பொத்தானை அமுக்கும்போது பெட்டியின் பக்கவாட்டில் சின்னச் சிவப்பு விளக்கு எரியும். அது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். கூட வருகிறவர்கள் உட்காரத்தான் அந்த பெஞ்சு.

"அப்புறம் என்ன" என்றாள் மகள். "விளக்கு எரிஞ்சா நான் செருப்பு முனையைத் தூக்கறேன். அப்பா கையைத் தூக்கட்டும்."

நான்கு நாள் ஒத்திகை நடந்தது. சங்கு டார்ச் விளக்கோடு நர்ஸ் ஆனாள். வக்கீல் டாக்டர் ஆகி, நாற்காலியில் சாய்ந்து, தேவையில்லாமல் எல்லோரையும் அதட்டினார். தொட்டிக்காரர் அலமாரி ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்து மகளின் காலையே பார்த்தார். ஒரு கொசு கடித்து அவள் காலை உதறினாள். இவர் கையைத் தூக்கினார்.

"கொசுவுக்கெல்லாம் கையைத் தூக்காதீங்க மாப்ளே, சந்தேகம் வரும்."

"உங்க மருமகளை காலை ஆட்டாம இருக்கச் சொல்லுங்க மச்சான்."

"நீ எதுக்குடி இப்ப சிரிக்கறே" என்றாள் சங்கு, தானும் சிரித்துக்கொண்டு. "நாலு பேரு சேர்ந்து ஒரு ஆளுக்குக் காது செய்யறோம். கடவுளுக்குக்கூட இவ்வளவு ஆள் தேவைப்பட்டிருக்காது."

பரிசோதனை நாளில் எல்லாம் எண்ணியபடியே நடந்தது. எண்ணியதற்கு மேலாகவே நடந்தது. ரொம்பச் சரியாக இருந்தாலும் ஆபத்து என்று வக்கீல் சொல்லியிருந்ததால், வேண்டுமென்றே இரண்டு இடத்தில் அவர் கையைத் தூக்காமல் விட்டார். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு அவர் முதுகில் தட்டினார். "இருபத்து மூணு வருஷம் சுத்தியல் பிடிச்ச காதா இது? என் காதே இவ்வளவு நல்லா இருக்காதுங்க." தொட்டிக்காரர் டாக்டரின் உதட்டைப் படித்து, அடக்கமாகச் சிரித்தார். அன்று வீட்டில் வக்கீல் தன் சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் இனிப்பு வாங்கி வந்தார்.

அடுத்த திங்கட்கிழமை பட்டியல் வந்தது. ஒன்பது பேர் தேறவில்லை. ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஒன்பது பேரும் சத்தமில்லாத சாமான் கிடங்குக்கு மாற்றப்பட்டார்கள். திருகாணிகளை எண்ணிப் பெட்டியில் போடும் வேலை, உட்கார ஸ்டூல், தலைக்கு மேல் மின்விசிறி. தொட்டிக்காரரோடு ஒரே தொட்டியில் பதினைந்து வருடம் அடித்த ஒல்லி என்பவன், வேலை போகப் போகிறது என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவன், இப்போது கிடங்கு ஜன்னலிலிருந்து கையசைத்தான்.

காது கெட்டவர்களைச் சத்தத்தில் வைத்திருக்கக் கூடாது என்று தொழிலாளர் ஆய்வாளர் ஆறு மாதத்துக்கு முன்பே உத்தரவு போட்டிருந்தார். அந்த உத்தரவை ஒரு தாளில் தட்டச்சு செய்து ஒட்டியும் வைத்திருந்தார்கள். எங்கே என்றால், மேலாளர் அறைக்குப் பக்கத்துச் சுவரில். காலில் கிரீஸ் பட்டவர்கள் நுழையக் கூடாத நடையில். தொழிலாளியைக் காப்பாற்றும் உத்தரவு தொழிலாளியின் கண்ணில் படாத இடத்தில் ஒட்டப்பட்டால் அது யாரைக் காப்பாற்ற ஒட்டப்பட்டது என்று கேட்க, அந்தத் தொழிற்சாலையில் ஒருவருக்கும் வாய் இருக்கவில்லை.

ஒன்பது பேர் போன இடத்தை நல்ல காதுள்ளவர்கள் நிரப்ப வேண்டும். எல்லோரிலும் நல்ல காது தொட்டிக்காரருடையது, சான்றிதழே சொல்கிறது. அவரை உள்ளாள் ஆக்கினார்கள். உள்ளாள் என்பவன் தொட்டிக்குள்ளே இறங்கி, தகட்டின் பின்புறம் கனத்த இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொள்வான். வெளியிலிருந்து இரண்டு பேர் அதே இடத்தில் மாறி மாறி அடிப்பார்கள். வெளியே அடிக்கிறவனுக்குச் சத்தம் ஒருமுறை கேட்கும். உள்ளே இருக்கிறவனுக்கு அது சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வரும், அது அடங்குவதற்குள் அடுத்த அடி விழும்.

முதல் வாரம் முடிந்து வீட்டுக்கு வந்தவர், சங்கு சொன்ன ஒரு சொல்லை மறுபடி சொல்லச் சொன்னார். அவளிடம் அவர் அப்படிக் கேட்டதே கிடையாது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலை அவரையும் இழுத்துக்கொண்டு தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போனாள்.

"இவருக்குக் காது கேட்காதுங்க" என்றாள் அதிகாரியிடம். "இவரையும் கிடங்குக்கு மாத்துங்க."

"சான்றிதழ்ல நல்லா கேட்கும்னு இருக்கேம்மா."

"சான்றிதழ் கிடக்கட்டும். இதோ நிக்கறாரு. நீங்களே சோதிச்சுப் பாருங்க."

அதிகாரி தொட்டிக்காரரைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட முணுமுணுப்பாகக் கேட்டார்: "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணுங்க" என்றார் தொட்டிக்காரர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இருபது வருடப் பழக்கம். எதிரே உதடு அசைந்தால் பதில் வந்துவிடும், அதை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. சங்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களாம்மா" என்றார் அதிகாரி.

"அது உதட்டைப் பாத்துச் சொல்றாருங்க. அவரை அந்தப் பக்கம் திருப்பிட்டுக் கேளுங்க."

"ஆளைத் திருப்பி நிறுத்திச் சோதிக்க நான் டாக்டர் இல்ல. அடுத்த பரிசோதனை மூணு வருஷம் கழிச்சு. இல்ல, போன பரிசோதனையில ஏமாத்திட்டோம்னு எழுதிக் குடுங்க. அதுக்கு வேற நடவடிக்கை இருக்கு."

அந்த வேறு நடவடிக்கை என்னவென்று வக்கீல் வீட்டில் விளக்கினார். வேலை நீக்கம். அதைச் சொல்லிவிட்டு அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். பரிசோதனையைப் பற்றி முதலில் பயம் காட்டியது தானே என்பதை அவர் மறக்கவில்லை. மகள் அதற்குமேல். செருப்பு மாட்டும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கியது.

பதினான்கு மாதம் அவர் தொட்டிக்குள் இறங்கினார். "உங்கம்மா குரல் கேட்குது, அது போதும்" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். சங்கு முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினால் அவர் எதையாவது எடுக்கிற சாக்கில் எழுந்து அவளுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பார். தொழிற்சாலைக்கே காட்டாமல் செவிட்டை இருபது வருடம் மறைத்த கை அது. இப்போது அந்த வித்தையை அவர் தனியாக, வீட்டுக்காரர்கள் மேலேயே செய்துகொண்டிருந்தார். அவளும் அவர் பக்கம் திரும்பிப் பேசப் பழகியிருந்தாள். ஏன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுத்த மாதத்திலிருந்து அவரோடு இன்னொருவனையும் உள்ளே இறக்கப் போகிறார்கள் என்ற செய்தியோடு அவர் வந்து உட்கார்ந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவன்.

"காகிதம் எடு" என்றார் மகளிடம். "ஆய்வாளருக்கு எழுதணும். உள்ளதை உள்ளபடி."

"வேலை போயிடும்பா" என்றாள் அவள், உதடு தெளிவாகத் தெரியும்படி.

"போகட்டும். எனக்கப்புறம் அவன் காது. அவனுக்கப்புறம் இன்னொருத்தன் காது. எத்தனை காதைத்தான் அந்தத் தொட்டிக்குள்ள போடறது?" எதிர்வீட்டு மாடியில் தையல் இயந்திரம் நின்றது.

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். உத்தரவு ஒட்டப்பட்ட இடத்தையும் எழுதினாள். 'பரிசோதனையில் நான் ஏமாற்றினேன். என் மகளுக்கு இதில் பங்கில்லை' என்று சொன்னபோது அவள் பேனாவை நிறுத்தினாள். அவர் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். எழுதினாள். 'எனக்கு இப்போது எதுவும் கேட்பதில்லை. என் மனைவியின் குரல் மட்டும் இன்னும் கேட்கிறது.' கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுக் காட்டு, தப்பு இருக்கான்னு பார்ப்போம்" என்றார் வக்கீல். மகளால் படிக்க முடியவில்லை. சங்கு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை முகத்துக்கு நேரே பிடித்து, தன் கட்டைக் குரலில் படித்தாள். தாள் அவள் வாயை மறைத்திருந்தது.

தொட்டிக்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எல்லாம் அவர் சொன்ன வரிகள்தானே. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் ஒரு தலையாட்டல். ஆய்வாளர் உத்தரவுக்கு ஒன்று. உள்ளாள் வேலைக்கு ஒன்று. மகளைப் பற்றிய வரிக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தமாக. வக்கீல்கூட நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

சங்கு கடைசி வரியைப் படித்து, கையெழுத்தையும் பார்த்து, தாளைத் தாழ்த்தினாள்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடி இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டல். கொஞ்சம் இடைவெளி. இன்னொரு ஆட்டல். மனசுக்குள் அவர் இரண்டு வரி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

யாரும் மேஜையைத் தட்டவில்லை. அவர் முடிக்கும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள். முடித்துவிட்டு அவர் திரும்பி, "சரியா இருக்கு" என்றார்.

சங்கு அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, தாளை அவள் முன்னால் வைத்தாள்.

"எம் குரல் கேட்குதுன்னு ஒரு வரி இருக்குல்ல" என்றாள். "அதை அடிச்சிடு."