எதிர் வீட்டு ஸ்டார்

டிசம்பர் பிறந்தால் சேலையூரில் எங்கள் தெருவில் எல்லாருக்கும் குளிரும். எனக்கு மட்டும் வயிறு எரியும்.

எதிர் வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மாதம் பிறந்ததுமே அவள் அப்பா ஏணி போட்டு ஏறி, பெரிய காகித ஸ்டார் ஒன்றை மாடி முகப்பில் கட்டிவிடுவார். உள்ளே ஒரு பல்பு. அதன் சிவப்பும் மஞ்சளும் தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுச் சுவரில் வந்து விழும். சுவர் எங்களுடையது, வெளிச்சம் அவர்களுடையது. அதுவே எனக்குப் பிடிக்காது.

எங்கே என்ன ஸ்டார் இருந்தாலும் அது அவளிடம்தான் போய்ச் சேரும். கட்டுரை நோட்டில் டீச்சர் சிவப்பு மையால் போடுகிற ஸ்டார் அவளுக்கு. எனக்கு ‘கையெழுத்தைத் திருத்து’. காதில் ஸ்டார் கம்மல், பாவாடையில் ஸ்டார் ஜமிக்கி. கல்லூரிக்குப் போகும் வயதில், தாம்பரத்தில் சினிமா போஸ்டர் ஒட்டிய சுவரோரம் நின்ற பையன்கள் அவளைப் பார்த்து, “மச்சான், ஸ்டார் வருதுடா” என்றார்கள். பக்கத்தில் நானும்தான் வந்துகொண்டிருந்தேன்.

மார்கழியில் ஒரு தரம் போட்டிக்கு இறங்கினேன். விடிவதற்குள் எழுந்து, தெருவையே அடைத்து ஒரு ஸ்டார் கோலம் போட்டுக் கலர் கொடுத்தேன். முதலில் வந்தது பால்காரர் சைக்கிள். “இன்னா பாப்பா, ரோட்ட அடைச்சிகினு போட்டுகீறே, வண்டி எப்டி போறது?” என்றபடியே நடுவில் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மேலே அவள் ஸ்டார் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்கென்று ஒரு ஸ்டார் இல்லாமல் இல்லை. மூல நட்சத்திரம். பெண் மூலத்தில் பிறந்தால் மாமனாருக்கு ஆகாதாம். உறவுக்காரர்கள், “பொண்ணு என்ன ஸ்டார்?” என்று கேட்டால் அம்மாவின் குரல் தானாக இறங்கிவிடும். படிப்பு முடிந்து இரண்டு வருஷத்தில் வந்த வரன்கள் எல்லாம் அந்த ஒரு பதிலோடு திரும்பிப் போயின. அதற்குள் அவளுக்கு சர்ச்சில் கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. அவள் என்றைக்குப் பிறந்தாள் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்களாம், பிறந்தநாளுக்குப் புடவை எடுக்க.

அந்த டிசம்பரில்தான், ஜாதகமே பார்க்காத குடும்பம் ஒன்று பெண் பார்க்க வருவதாகச் சொல்லியது. நான் படித்தவள் என்பதே போதுமாம். அம்மா சாமிக்குக் காசு முடிந்து வைத்தாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. இந்த இடம் அமைந்துவிட வேண்டும், அதுவும் அவளுக்குக் கல்யாணம் ஆவதற்குள். நம் வீடும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும் என்று அப்பாவை நச்சரித்து, மார்க்கெட்டிலிருந்து ஒரு ஸ்டார் வாங்கிவரச் செய்து எங்கள் வாசலிலும் கட்டினேன். அவர்களுடையதைவிட ஒரு சுற்றுப் பெரியது.

அப்பா அவர்களுக்கு வழி சொல்லி முன்பே கடிதம் போட்டிருந்தார். டிசம்பரில் வரும் எல்லாருக்கும் நாங்கள் சொல்கிற வழிதான் அது. கேம்ப் ரோட்டில் இறங்கி உள்ளே வந்தால், ஸ்டார் கட்டின வீட்டுக்கு எதிர் வீடு. வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது என் புது ஸ்டார். நேராக அதற்கு எதிர் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த வீட்டுக்கு யார் யாரோ வருவார்கள். அவள் அம்மா, யாரென்று கேட்காமல் உட்காரவைத்துத் தட்டில் முறுக்கும் கேக்கும் கொடுத்திருக்கிறார். பிள்ளையின் அம்மா, “பொண்ணைக் கூப்பிடுங்க” என்றதும் அவள் கையில் மாவோடு வந்து நின்றிருக்கிறாள். சுவரில் இருந்த ஏசு படத்தைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்திருக்கிறது.

பட்டுப்புடவையில் நான் ஜன்னலருகே நிற்கிறேன். எனக்கென்று வந்தவனை அவள் சிரித்துக்கொண்டே தெருவைக் கடந்து கூட்டிவந்து, எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போகிறாள். அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

“எதிர் வீட்டுப் பொண்ணு என்ன லட்சணம்! நம்மவங்களா இருந்திருந்தா...” என்றபடியே உட்கார்ந்தார் பிள்ளையின் அம்மா. பிள்ளை உட்கார்ந்ததென்னவோ ஜன்னல் பக்கம் பார்த்துத்தான். நான் பஜ்ஜித் தட்டை நீட்டினேன். அவன் அப்பா ஒன்றை எடுத்துப் பாதி கடித்தார்.

“எங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான். பொண்ணு என்ன ஸ்டார்?” என்றார் அந்த அம்மா.

அப்பா மறைக்கவில்லை. “மூலம்” என்றார்.

அந்த அம்மா தன் கணவரைப் பார்த்தார். கணவர் மீதிப் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு தாம்பரத்தில் ரயில் எத்தனை மணிக்கு என்பதைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஜனவரியில் அவள் அப்பா ஏணியோடு எங்கள் வாசலுக்கும் வந்தார். “உங்களுதையும் கழட்டிடவாம்மா?”

“கழட்டிடுங்க அங்கிள்.”

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அதை வாங்கி மடித்துப் பார்த்தாள். பனியில் நனைந்து ஒரு முனை கிழிந்திருந்தது. “இது அவ்ளோதான்டீ. தூக்கிப் போட்டுட்டு அடுத்த வருஷம் வேற ஸ்டார் வாங்கிக்கோ” என்றாள்.

கம்மல், நோட்டு, பையன்கள், பிள்ளை வீட்டார் என்று அவள்மேல் எனக்கு இருந்த பொறாமையெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

“உனக்கென்னடீ, நீ வாங்கிக்குவே” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சிரித்தாள். உள்ளே அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது.