தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் ஒரு கொடுவா

சுதந்திரம் வந்த ஆண்டில் பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பினார். அவரைப் பற்றி நான் எழுதிய செய்தி ஏதோ பிடித்துப்போய், கப்பலேறும் முன் தம் தூண்டில் கழியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மூங்கில் சிம்புகளை ஒட்டிச் செய்த கழி, இரண்டாகக் கழற்றலாம். பித்தளைச் சக்கரம், அதில் பட்டு நூல், நூலின் முனையில் குஞ்சு மீன் போலப் பளபளக்கும் தகடு. ஆறு வருஷமாக அதைப் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரில் வீசி வருகிறேன். விரால் அகப்பட்டதுண்டு. கொடுவா அகப்பட்டதில்லை. அணையில் கொடுவா கிடையாது. அது ஆறும் கடலும் கலக்கிற இடத்து மீன்.

கொடுவா பிடிக்கப் போவதற்கு இந்தக் கார்த்திகையில் ஒரு காரணம் வாய்த்தது. தேங்காப்பட்டணத்தில் கயிறு வியாபாரம் செய்யும் பீர்க்கண்ணு முதலாளி என் பழைய சிநேகிதர். அவர் மகள் ஆயிஷாவை முந்தின வாரம் கோட்டாற்று ஜவுளிக்கடைக்காரர் மகனுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தார். பந்தலில் சம்பந்தி விளையாட்டாக, "கடக்கரையில இருக்கியளேயொழிய, மீனு நீங்களும் எங்களப்போல சந்தையிலதான வாங்குவிய?" என்று கேட்டுவிட்டார். முதலாளி எழுந்து நின்று சொன்னார்: "வாற வெள்ளியாழ்ச்ச விருந்துக்கு வாங்க. என் கையால பிடிச்ச கொடுவாத் தலதான் மாப்பிளைக்கு. வெலைக்கி வாங்கின மீனு அன்னைக்கி என் வீட்டுப் படி ஏறாது." முதல் விருந்தில் பெரிய மீனின் தலை மாப்பிள்ளைக்கு என்பது அந்த வீட்டு வழக்கம். பந்தலில் நானும் இருந்தேன். என் கழியையும் கொண்டுவருகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். திங்கள்சந்தை வழியாகக் கருங்கலுக்குச் சுமார் பதினாறு மைல், கட்டணம் பன்னிரண்டணா. கழியை உள்ளே கொண்டுபோகக் கண்டக்டர் விடவில்லை; கூரைமேல் வாழைக்குலைகளுக்கு நடுவே அது பயணம் செய்தது. கருங்கலில் காப்பி நன்றாக இருக்கிறது. சந்தைக்குக் கயிறு இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் முதலாளியின் மாட்டுவண்டி எனக்காகக் காத்திருந்தது. மீதி ஆறு மைலும் தென்னந்தோப்பும் மண் பாதையும்தான். வண்டிக்காரர் யேசுதாசன் என் மூட்டையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"சாரே, இது என்னது, கொடைக்கம்பா?"

"தூண்டில்."

தகட்டை எடுத்துக் காட்டினேன். அதில் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். "கொள்ளாம். மீனு வந்து மொகம் பாத்து, தலையுஞ் சீவிட்டுப் போவும்."

பதினொன்றரைக்கு ஊர் வந்தது. ஊர் வருமுன் அதன் வாடை வருகிறது. குழித்துறைப் பக்கமிருந்து வரும் ஆறு இங்கே அகன்று, மணல்மேட்டை உடைத்துக்கொண்டு கடலில் இறங்குகிறது. ஐப்பசி மழையில் அந்த மேடு, இங்கத்தார் சொல்லும் பொழி, முறிந்து வாய் நன்றாகத் திறந்திருந்தது. ஆற்றின் ஓரமெல்லாம் கயிற்று நாருக்காகத் தேங்காய்த் தொண்டு, அதாவது மட்டை, ஊறப் போட்டிருக்கிறார்கள். தொண்டு மிதந்து போகாமலிருக்க வரிசையாக மரக்குற்றிகள் அடித்திருக்கிறார்கள். ஊறிய தண்ணீர் கறுப்பு. அதன் நாற்றம் புதியவருக்கு முதல் ஒரு மணி நேரம் கஷ்டம். பிறகு பழகிவிடும்.

சாப்பிட்டதும் முதலாளி தம் ஆயுதத்தை எடுத்து வந்தார். கழி இல்லை, சக்கரம் இல்லை. ஒரு மரக்கட்டையில் சுற்றிய கைநூல். மூன்று இழைப் பருத்தி, தண்ணீரில் மக்காமலிருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறப்போட்டுக் காயவைத்துத் துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. முனையில் ஒரு முழம் பித்தளைக் கம்பி முறுக்கு, அதற்குப் பின் என் நடுவிரல் அளவு முள். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல அறுக்கும் என்பதால் அந்தக் கம்பி. என் பட்டு நூலில் கம்பி இல்லை. அதை அவர் கவனித்தார்.

"இந்த நூலு எம்புட்டு தாங்கும்னு கேளும் ஓய். என்னைக் கெட்டித் தூக்கலாம்!"

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "வாப்பாவத் தூக்க வடம்லா வேணும்."

"முறுக்கினவளே சொல்லுதா பாத்தீரா!" என்று முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். நூல் முறுக்கியது ஆயிஷா என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விருந்துக்கு முன்னதாகவே அவள் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள்.

அன்று முன்னிரவு, நிலா வெளிச்சத்தில், கடல் ஏற்றம் தொடங்கியதும் இரண்டு பேரும் முயன்றோம். உள்ளதைச் சொல்கிறேன்: துரையின் கழி தோற்கவில்லை. கடல் தண்ணீர் தெளிவாக ஏறுகிற நேரத்தில், தகட்டை மணல்மேட்டோரம் வீசி மெல்லச் சுற்றினால் சின்னக் கொடுவா துரத்தி வந்து கடிக்கிறது. இரண்டு கிடைத்தன, ஒவ்வொன்றும் ஒரு ராத்தல் தேறும். முதலாளிக்கு ஒன்றும் இல்லை. என் மீன்களை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"மாப்பிளை பூனை வளக்காராமா?" என்றார்.

வெள்ளி விடியலில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. குற்றிகளின் ஓரமாக உயிருள்ள மடவை மீன் குஞ்சைக் கோத்துப் போட்டு எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். நூல் அசையவில்லை. அப்போது வலைக்காரர் ஒருவர் தோளில் ஒரு கொடுவாவைப் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். அதன் வால் அவர் முழங்காலைத் தட்டியது. பின்னாலேயே வீட்டிலிருந்து வேலைக்காரர் ஓடிவந்தார். அந்த மீனை வாங்கிவிடலாமா, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஆயிஷாவின் உம்மா கேட்கச் சொன்னார்களாம்.

"பந்தல்ல நூறு பேரு கேக்கச் சொன்ன வாக்கு," என்றார் முதலாளி. "அதப் போயி வலைக்காரங்கிட்ட வெலைக்கி வாங்கச் சொல்லுதா? தொட்டுக்க மீனு இல்லேன்னா முட்டை அவிக்கச் சொல்லு."

அவர் குரல் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் அதன்பின் நிமிஷத்துக்கொரு தரம் வெயிலை அண்ணாந்து பார்த்தார். விருந்து பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு. கோட்டாற்றார் மத்தியான ஜும்ஆத் தொழுகைக்கே வந்துவிடுவார்கள்.

அவருடைய நம்பிக்கை மத்தியான ஏற்றத்தின் மேல் இருந்தது. பௌர்ணமியை ஒட்டிய நாளில் இங்கே தண்ணீர் நடுமத்தியானத்தில் நிறைந்து நிற்கும். கடல் தண்ணீர் கறுப்புத் தண்ணீரைக் குற்றிகள் வரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தும். தெளிவும் கறுப்பும் தொடுகிற அந்தக் கோட்டில்தான் பெரிய கொடுவா காத்திருக்கும் என்றார். தண்ணீர் நிற்பது அரைமணி நேரம். அதே அரைமணியில்தான் பள்ளிவாசலில் ஜும்ஆவின் குத்பாப் பிரசங்கம். முப்பது வருஷமாக இந்த ஆற்றங்கரையில் இருப்பவர் வாக்குக் கொடுக்கும்போது பௌர்ணமியை எண்ணினார், ஜும்ஆவை எண்ணவில்லை!

பாங்கு கேட்டதும் எழுந்தார். நூலை என் சுட்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பிடிச்சிட்டு மட்டும் இரியும் ஓய். மொதல்ல மோதும். இழுத்துராண்டாம். நூலு வெரல விட்டு ஓடுச்சின்னா ஒரு வெட்டு வெட்டும். பொறவு அல்லா விட்ட வழி."

"நீங்கள் வருவதற்குள் கொத்தினால்?"

"கொத்தினத வேண்டாம்னு சொல்லவா முடியும்?" என்று போய்விட்டார்.

கொத்தியது. முதலில் ஒரு மோதல். யாரோ தண்ணீருக்குள்ளிருந்து விரலைத் தட்டியது போல. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு நூல் ஓடியது. நூலைச் சுண்டி வெட்டினேன். பத்துக் கஜத்துக்கு அப்பால் தண்ணீர் கிழிந்து, ஒரு வெள்ளிப் பலகை எழும்பித் தலையை உதறி விழுந்தது. விரல் தோல் உரிந்தது. அதை நான் திருப்புவதற்குள் அது கறுப்புத் தண்ணீருக்குள் புகுந்து, ஒரு குற்றியைச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது.

இழுத்தால் குற்றியில் ஒட்டிய சிப்பி நூலை அறுக்கும். தளர்த்தினால் முள் கழன்றுவிடும். இரண்டும் செய்யாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். கரையில் தொண்டு தல்லி நார் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் அடிக்கிற கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு வரிசையாக வந்து நின்றார்கள்.

"எக்கா, சாரு மீனப் பிடிச்சிருக்காரா, மீனு சாரப் பிடிச்சிருக்கா?"

"ரெண்டு பேரும் தெரிஞ்சவிய போல. கையக் கோத்துட்டு நிக்காவ பாரு."

"சாரே, வெள்ளத்துல எறங்கி எடும். நாங்க சிரிக்க மாட்டோம்."

அவர்கள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கியிருக்கலாம், மார்பளவுதான். ஆனால் இறங்கி எடுத்தால் அது என் மீன். முதலாளியின் வாக்கு அந்த நூலோடு சேர்ந்து என் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. நின்றேன்.

ஜும்ஆ முடிந்து அவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தொப்பி. கூடவே சம்பந்தியும் மாப்பிள்ளை செய்யதும். முதலாளி நூல் போகிற திசையைப் பார்த்தார், குற்றியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, அத்தர் மணத்தோடு அப்படியே அந்த நாற்றத் தண்ணீரில் இறங்கினார்.

"ஐயோ சம்மந்தி, உடுப்பு!" என்று கத்தினார் கோட்டாற்றார்.

முதலாளி காதில் வாங்கவில்லை. ஒரு கையால் நூலைத் தொட்டுக்கொண்டே குற்றியைச் சுற்றி வந்து, சுற்றை அவிழ்த்தார். மீன் மறுபடி பாய்ந்தது. நூலை என்னிடமிருந்து வாங்கி, அது ஓடும்போது விட்டு, துள்ளும்போது மட்டும் தளரவிடாமல் பிடித்து, இரண்டு தடவை ஆழத்துக்குப் போக விட்டு, மூன்றாவது தடவை மணலில் ஏற்றி அதன்மேல் விழுந்தார். அவர் எழுந்தபோது மீன் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. கயிறு நிறுக்கிற தராசில் வைத்தோம், பதினேழு ராத்தல்.

விருந்தில் நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, தேங்காய்ப்பால் ஊற்றிய கொடுவாக் குழம்பு. பெரிய தட்டில் தலை தனியாக வந்து மாப்பிள்ளை முன் அமர்ந்தது. அப்போதுதான் சம்பந்தி, வாயில் சிரிப்போடு, கேட்டே விட்டார்.

"தப்பா நெனைக்காதிங்கோ. கொத்தும்ப நீங்க பள்ளியில, எம் பக்கத்துல இருந்திய. அப்பம் இது யாரு பிடிச்ச மீனு?"

எல்லாக் கைகளும் சோற்றிலேயே நின்றன. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், முதலாளி கையமர்த்தினார். எழுந்து உள்ளே போய்க் கைநூலைக் கொண்டுவந்து சம்பந்தியின் முன் விரிப்பில் வைத்தார். குற்றியில் உரசிய இடத்தில் மூன்று இழைகளில் ஒன்று அறுந்து தொங்கியது. மீதி இரண்டும் முறுக்குக் குலையாமல் இருந்தன.

"கொத்தினது இவரு கையில. கரையேத்தினது என் கையில. அதுல ஒளிவு மறைவு இல்ல," என்றார். "நடுவுல அரைமணி நேரம் அதப் பிடிச்சு நிறுத்தினது இந்த ரெண்டு இழை. முறுக்கினது ஒங்க மருமவ. என் வாக்குல கொறை உண்டுன்னா சொல்லுங்க, ஏத்துக்கிடுதேன். அவ நூலுல கொறை உண்டா?"

சம்பந்தி வாழ்நாளெல்லாம் நூலைத் தொட்டு விலை சொல்பவர். கைகழுவிவிட்டு வந்து அறுந்த இடத்தை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தார். "கொறை இல்ல," என்றார். அதற்குள் அதிகம் பேசாத மாப்பிள்ளை தலை இருந்த தட்டைத் தூக்கி வேலைக்காரரிடம் நீட்டினார்.

"தல, பிடிச்ச ஆளுக்குப் போவட்டும். உள்ள குடுங்க."

முதலாளி மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அப்படி அவரைப் பந்தலில்கூட நான் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் தட்டு எலும்போடு திரும்பி வந்தது. கூடவே ஒரு சேதி: "அடுத்த நூலு நாலு இழையில முறுக்குதேன்னு சொல்லுங்க."

போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. பொழி திறந்திருக்கும் கார்த்திகை, மார்கழியில் போங்கள். பௌர்ணமியை ஒட்டிப் போங்கள், கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கழியும் தகடும் மணல்மேட்டோரம் சின்ன மீனுக்கு நல்ல பொழுதுபோக்கு. பெரியது வேண்டுமென்றால் கைநூல், முழம் கம்பி, உயிருள்ள மடவை. முதல் மோதலுக்கு அசையாதீர்கள். குற்றி வரிசைகள் ஒவ்வொன்றும் ஒருவருக்குச் சொந்தம். கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள், யாரும் மறுப்பதில்லை. தங்க விடுதி கிடையாது. கருங்கலில் தங்கி விடியலில் வண்டி பிடிக்கலாம். வெள்ளை உடுத்திக்கொண்டு போகாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து யேசுதாசன் கருங்கலில் பஸ்காரரிடம் கொடுத்தனுப்பிய பொட்டலம் ஒன்று என் வீட்டுக்கு வந்தது. உள்ளே பனிச்சங்காய் மணத்தோடு நாலு இழை நூல். துரையின் பட்டு நூலை உருவிப் போட்டுவிட்டு அதைச் சக்கரத்தில் சுற்றினேன். தடிமன் அதிகம்; பாதிதான் கொள்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் சீமைக் கழியைப் பார்த்துவிட்டு விவரம் கேட்கிறார்கள். நான் நூலிலிருந்து தொடங்குகிறேன்.