ஆஃப் சீசன் மணவாளன்

“மழைன்னு யாருங்க சொன்னது? லைட்டா கிளைமேட், அவ்ளோதான்” என்று போனில் சொல்லிக்கொண்டே மணவாளன் சுவரிலிருந்த அந்தமான் படத்தைத் துடைக்கிறார். நீலக்கடல், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை ஒன்று. ஏதோ காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய அந்தப் படம் உண்மையில் எந்த ஊர் என்பது அவருக்கே தெரியாது.

சிதம்பரம் மேலவீதியில் பன்னிரண்டு வருடமாகச் சுற்றுலா ஏஜென்சி நடத்துகிறார். ஜூன் முதல் செப்டம்பர் வரை, விவரம் தெரிந்தவர்கள் அந்தமானை மறந்திருக்கும் மாதங்கள்தான் அவருக்கு அறுவடைக் காலம். தூறலை ‘கிளைமேட்’ என்பார். அடைமழையை ‘நல்ல கிளைமேட்’ என்பார். புயல் வந்தால் ‘திரில்’. “கூட்டம் ஜாஸ்தி இருக்காது சார். தீவே உங்க சொந்த வூடு மாதிரி.” போய்விட்டுத் திரும்பியவர்கள் எதிரே வந்தால் மட்டும் தெருவின் அடுத்த வாடைக்கு மாறிவிடுவார்.

மழைக்காலத்தில் அவர் அங்கே போனதே இல்லை. கைடு தமிழ்மணிதான் கூட்டிப்போவான். போன ஜூலையில் அவன் கால் எலும்பு முறிந்துவிட, பதினோரு பேரோடு மணவாளனே விமானம் ஏற வேண்டியதாயிற்று.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் லோகநாயகி. அண்ணாகிராமத்து முந்திரித் தோப்பைத் தாண்டி அறுபது வயது வரை எங்கும் போகாதவர். மகள் பவானிக்குப் பிரசவத் தேதி நெருங்குகிறதே என்று தயங்கியவரிடம், “மொதப் பிரசவம் தள்ளித்தான்க்கா போவும். அஞ்சே நாளு, வந்துடலாம்” என்று வாக்குக் கொடுத்திருந்தார் மணவாளன். வானிலையோடு அதையும் அவரே கணித்துவிட்டார்.

ஹேவ்லாக் தீவில் இறங்கிய மறுநாள் அடைமழையில் படகுகள் நின்றன. இரண்டு நாள் விடுதியை விட்டு யாரும் நகர முடியவில்லை. மூன்று வேளையும் உப்புமா. கடலூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சுப்புராயன், “கூகுள்ல ஒரே ஒரு ஸ்டார்தான்யா போடுவேன்” என்று வேளைக்கு ஒருமுறை எச்சரித்தார். ஒவ்வொரு முறையும் மணவாளன் அவர் தட்டில் இன்னொரு கரண்டி உப்புமா வைத்தார்.

மூன்றாம் நாள் விடியும்போது போன் வந்தது. பவானிக்கு வலி எடுத்து, சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

லோகநாயகி சத்தம் போடவில்லை. “நீ சொன்னியேன்னுதான் தம்பி வந்தேன்” என்றார்.

மணவாளன் வாயைத் திறந்தார். ‘கிளைமேட்’ என்ற சொல் வரவில்லை.

“மழைதான்க்கா” என்றார் மெல்ல. “பெருமழை. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கூட்டியாந்தேன்.”

குடையைக்கூட எடுக்காமல் படகுத்துறைக்கு ஓடினார். போர்ட் பிளேருக்கு அரசுக் கப்பல் ஒன்று மட்டும் மதியம் கிளம்பும் என்றார்கள். ஆறு மணி நேரம் வரிசையில் நனைந்து நின்றவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு டிக்கெட். அதில் லோகநாயகி பெயரை எழுதச் சொன்னார்.

சுப்புராயன் கொதித்தார். “நான் சீனியர் சிட்டிசன்! எனக்கு பிரஷர் இருக்குது! ஒரு ஸ்டார் போடுறதா வேணாமா?”

“போடுங்க சார். அரை ஸ்டார் இருந்தா அதையே போடுங்க” என்றபடி லோகநாயகியின் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். சென்னை விமானத்துக்கும் பேசி, அங்கிருந்து கார் ஏற்பாடு செய்த பிறகுதான் சட்டையைப் பிழிந்தார்.

மறுநாள் மாலை லோகநாயகியே கூப்பிட்டார். அவர் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் பேத்தி பிறந்தாளாம். “பொண்ணு கையைப் புடிச்சிக்கினு இருந்தேன் தம்பி” என்றார். விடுதியில் பத்துப் பேரும் கைதட்டினார்கள். சுப்புராயன்கூட, கொஞ்சம் தாமதமாக.

அந்த நேரம் பார்த்து மழையும் விட்டது. “வாங்க, வாங்க! இந்தச் சந்தோஷத்துல ஒரு போட்டோ!” என்று எல்லோரையும் கடற்கரைக்கு விரட்டினார் மணவாளன். ஈர மணலில் வரிசையாக நிற்க வைத்தார். கடலுக்கு மேலே அடுத்த மழை கன்னங்கரேலென்று திரண்டு நின்றது. அதை ஒரு கணம் பார்த்தவர், பெஞ்சு மேல் ஏறி, வானம் படத்தில் துளியும் விழாதபடி போனைக் கீழே சாய்த்து, “சிரிங்க” என்றார்.