பாபநாசத்தில் பிடித்த ஒரு சுருள் சலனப்படம்

போன ஆடி மாதம், தாமிரபரணியைப் பெட்டிக்குள் அடைத்து வரலாம் என்று நானும் என் அக்காள் மகன் ஞானமுத்துவும் பாபநாசம் புறப்பட்டோம். அவன் பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவன். திருநெல்வேலியில் கூடாரம் அடித்துச் சலனப்படம் காட்டுகிறவர், படம் பிடிக்கும் பெட்டியையும் ஒரே ஒரு சுருளையும் அவனிடம் நம்பிக் கொடுத்திருந்தார். ஆடி ஓடும் மனிதர்களைப் பிடித்து வந்தால் அவரிடம் வேலை. இல்லையென்றால் தகப்பனார் பார்த்துவைத்த தாலுகா கச்சேரி குமாஸ்தா நாற்காலி. சாம்ராஜ்யங்கள் இதைவிடச் சின்ன விஷயத்துக்குக் கவிழ்ந்திருக்கின்றன.

காலை ரயிலில் அம்பாசமுத்திரம். அங்கிருந்து ஆறு மைல் மாட்டுவண்டி. வாடகை ஒரு ரூபாய் என்றதை நான் பேசிப் பேசிப் பன்னிரண்டணா ஆக்கியபோது மாடுகளே கண்ணீர் விட்டன. மடியில் பெட்டியோடு இருந்தவனை வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, மருமவன் அடைக்கோழி கணக்கால்லா உக்காந்திருக்காரு" என்றார்.

கோயில் படித்துறையில் நல்ல கூட்டம். குளிப்பவர்கள், துவைப்பவர்கள், மீனுக்குப் பொரி போடுபவர்கள். மீன் ஒவ்வொன்றும் தோணி அளவு. ஞானமுத்து பெட்டியை முக்காலியில் ஏற்றியதும் யாரோ 'போட்டோ' என்றார்கள். அவ்வளவுதான். போட்டோவுக்கு நம்மவர்கள் காட்டும் மரியாதை தெரியுமே. மூச்சடக்கி, இமைக்காமல், படித்துறை முழுவதும் சிலையாயிற்று. ஓங்கிய வேட்டி ஓங்கியபடி நின்றது. அசையச் சொல்லிக் கெஞ்சினான். அசைந்தால் முகம் அழிந்துபோகும் என்று ஒரு பெரியவர் உதடு பிரியாமல் பதில் சொன்னார். பாதிச் சுருள் போயிற்று.

"மாமா, ஆறு மட்டுந்தான் ஓடுது. ஆளுவ பொம்மை கணக்கா நிக்காவ" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

ஒரு நல்ல உருவமாவது படத்தில் இருக்கட்டும் என்று நான் ஆற்று நடுவில் இருந்த பாறையில் ஏறி, மீசையை முறுக்கி, கைத்தடியோடு நின்றேன். காதில் நீரின் இரைச்சல் தவிர எதுவும் விழவில்லை. சற்று நேரத்தில் கூட்டம் கலைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஒழுங்கில்லாத ஜனங்கள் என்று எண்ணிக்கொண்டேன். நான் இமைக்கவில்லை.

பம்பாய்க்குப் போய்க் கழுவி வந்த சுருளைக் கூடாரத்தில் போட்ட அன்றுதான் விஷயம் விளங்கியது. பையன் பெட்டிமேல் கறுப்புத்துணியைப் போர்த்தி, அதன் முன்கண்ணாடியை மட்டும் வெளியே விட்டு, "முடிஞ்சிட்டு, எல்லாரும் சோலியப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறான். துணிக்குள் அவன் கை, படம் ஓட்டும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தச் சத்தத்தை ஆறு விழுங்கிவிட்டது. திரையில் ஊரே மூச்சுவிட்டது. ஓங்கிய வேட்டி கல்லில் விழுந்தது. ஒருவர் வழுக்கினார், பத்துப்பேர் சிரித்தார்கள். கூடாரமே எழுந்து நின்று கத்தியது.

முன்வரிசையிலிருந்து ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்: "பாறை மேல இருக்குத சிலை எந்தச் சாமி வே?"

ஞானமுத்துவுக்கு வேலை கிடைத்தது. போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: காலை ரயிலையே பிடியுங்கள், கறுப்புத்துணியை மறக்காதீர்கள், இரைச்சலுள்ள இடமாகப் பாருங்கள், முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகு தொடங்குங்கள். மாமாவை மட்டும் பாறையிலிருந்து இறக்காதீர்கள். அசையாமல் ஒருவர் நின்றால்தானே மற்றவர்கள் அசைவது தெரியும்.