உள்ளே போன ஜாடி

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில், ஒரு பீங்கான் தொழிற்சாலையில் சூளை வேலை பார்த்தேன். கிளார்க் சேஷாத்ரி தினமும் என்னோடுதான் டீ குடிப்பார். அவர் மகள் கல்யாணத்துக்கு, நானே சுட்டெடுத்த ஊறுகாய் ஜாடியைக் கொண்டுபோனேன். வாங்கி நேராக உள்ளே வைத்தார்கள்.

பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தேன். அவருடைய அண்ணன் வந்து, "எழுந்திருப்பா, மொதப் பந்தி பிராமணாளுக்கு" என்றார். சேஷாத்ரி பக்கத்தில்தான் நின்றார். அத்தனை பேர் பார்க்க எழுந்து வெளியே வந்தேன்.

"கல்யாண வூட்டுல சோறு போடலியா?" என்றாள் மனைவி. பழைய சோற்றைப் போடச் சொன்னேன்.

திங்கட்கிழமை டீ குடிக்கும்போது சேஷாத்ரி சொன்னார்: "ஜாடி பிரமாதம், மாங்கா போட்டாச்சு. ஆமா, ரெண்டாம் பந்திக்கு இருக்காம ஏன் போயிட்டேள்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. அதில் என்ன தப்பு என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. எழுப்பிவிட்டதைக்கூட மறந்திருப்பேன். அந்தக் கேள்வியை நினைத்தால்தான் இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது.