அலிபாக்கில் கடல் ஏறிய ஞாயிறு

ஃபுளோரன்ஸில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நேற்று போனில் மூன்று ஊர்களின் படம் அனுப்பினாள். அடுத்த மாதம் நாங்கள் அங்கே போகும்போது ஒரு நாள் வெளியூர் போய் வர வேண்டுமாம். லூக்கா, சியெனா, ஓர்வியேட்டோ, இதில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றாள். மூன்றும் சின்ன ஊர். மூன்றிலும் பழைய கல், பழைய மாதாகோவில், புது ஐஸ்கிரீம் கடை. என் மனைவி விஜயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏன்னா, எந்த ஊர்னா இருட்டறதுக்குள்ள திரும்பி வந்துடலாம்?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முதன்முதலாக அவள் என்னிடம் கேட்ட ஊர் இதற்கு நேர் எதிர்.

சொல்கிறேன். அப்போது நான் மாட்டுங்கா மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். வருஷா வருஷம் ஆபீஸ் பிக்னிக்குக்கு ஊர் பார்ப்பது என் பொறுப்பு. கல்யாணமாகாதவன், வேறென்ன வேலை என்று தலையில் கட்டிவிட்டார்கள். ஊர் பார்ப்பதில் பெரிய ஆராய்ச்சியெல்லாம் கிடையாது. வீட்டுக் குழாயில் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதற்குள் திரும்ப முடிந்தால் அது ஊர். அருவி, மலை, காற்று எல்லாம் அப்புறம். இந்தக் கணக்கில் நாங்கள் லோக்கல் ரயில் போய் நிற்கும் கர்ஜத்தைத் தாண்டியதே இல்லை. பூலோகமே அங்கே முடிகிறது என்று நினைத்தவர்களும் எங்களில் உண்டு.

தண்ணீர்க் கட்சிக்குத் தலைவர் ஹெட்கிளார்க் சேஷன் சார். "ஊர் எதுவா வேணா இருக்கட்டும். பக்கெட் ரொம்பணும்" என்பார்.

அந்த வருஷம் டைப்பிஸ்ட் விஜயா என் மேஜைக்கு வந்து நின்றாள். செம்பூரிலிருந்து வருகிறவள். அதுவரை என்னோடு இரண்டு வார்த்தை பேசியதில்லை.

"இந்தத் தடவை, திரும்பி வர ரொம்ப லேட்டாற ஊரா பாருங்கோளேன்."

"ஏன், உங்காத்துல தண்ணி வராதா?"

"வரும். அன்னிக்குச் சாயந்திரம் பொண்ணு பாக்கவும் வரா. பையனுக்கு ராஞ்சியில வேலை. பொண்ணு வேலைக்குப் போகப்படாதுன்னு இப்பவே சொல்லிட்டா. பிக்னிக் போயிட்டு சீக்கிரம் வந்துடுன்னு அப்பா விட்டிருக்கார். அவர்கிட்ட மாட்டேன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை."

அவள் கண் கலங்கியிருந்தது. சரி, பார்க்கிறேன் என்றேன். வெறும் பரோபகாரம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இங்கிலீஷ் பேப்பரின் மூலையில் கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு அலிபாக் என்றேன். அங்கே கடலுக்குள் ஒரு கோட்டை. கடல் இறங்கியிருக்கும்போது கணுக்கால் நனைய நடந்தே போய்விடலாம். ஏறிவிட்டால் மறுபடி இறங்கும்வரை உள்ளேயே உட்கார வேண்டியதுதான். ஆபீஸில் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

பாவுச்சா தக்கா படகுத்துறையில் லாஞ்ச் ஏறி, அக்கரையில் பஸ் பிடித்து, கோட்டைக்குள் நுழைந்து பொட்டலத்தைப் பிரித்தோம். புளியோதரை, தயிர் சாதம், மோர்மிளகாய். மோர்மிளகாய்க்கும் கடல் காற்றுக்கும் அப்படி ஒரு பொருத்தம், அதற்காகவே இன்னொரு தடவை போகலாம். சேஷன் சார் கை கழுவிய கையோடு, "கிளம்பலாமா? தண்ணி..." என்று ஆரம்பித்தார்.

"உள்ளே பிள்ளையார் இருக்கார் சார்," என்றேன். "நீங்க வந்துட்டு சகஸ்ரநாமம் சொல்லாம போனா நன்னாவா இருக்கும்?"

சேஷன் சார் ஒரு நாமத்தையும் விழுங்க மாட்டார். அவர் சொல்லும்போது நடுவில் எழுந்திருக்க எங்களில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. முடித்து, கற்பூரம் காட்டி, விபூதி இட்டுக்கொண்டு வெளியே வந்தால் வாசல்வரை கடல். அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத்தனை தண்ணி," என்றார், "ஒரு பக்கெட்டுக்கு ஆகாது."

விஜயா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. என் பரோபகாரம் அந்த இடத்தில் முடிந்துபோயிற்று. கடல் இறங்கியபோது கடைசி லாஞ்ச் போயிருந்தது. பன்வேல் வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ராத்திரி ஊர் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் அவள் முகம் தொங்கியிருந்தது. "அவா நேத்திக்கு வரவே இல்லை," என்றாள்.

பிள்ளை வீட்டார் முலுண்டில் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையாதலால் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திவைப்பார்கள். வண்டி வழியிலேயே நின்று, அதற்குள் ராகுகாலமும் பிறந்துவிட, அப்படியே திரும்பிவிட்டார்களாம். நான் கடலையும் பிள்ளையாரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு செய்ததை ரயில்வே தனியாகச் செய்து முடித்திருந்தது.

"அடுத்த ஞாயிறு வரா. இனிமே எந்த ஊர் இருக்கு?"

"செம்பூர் இருக்கு," என்றேன். "ஞாயிறுக்கு முன்னாடியே வரேன், உங்கப்பாவைப் பாக்க. நான் வேலையை விடச் சொல்ல மாட்டேன்."

வாயை விட்டு வந்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அவள் போய் டைப்ரைட்டரில் கார்பனைத் தப்பாகத் திருப்பிப் போட்டு அடித்தாள்.

விஜயா லூக்காவைச் சொல்லிவிட்டாள். அடிக்கடி ரயில் இருக்கிறதாம். நாங்கள் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதுகூட மகளின் போனில் தெரியுமாம். இங்கேயும் அப்படித்தான். கடலுக்குக் குறுக்கே பாலம் வந்துவிட்டது, பெண் பார்ப்பது வீடியோவில் நடக்கிறது. சேஷன் சாரும் இல்லை, அந்த ஆபீஸும் இல்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை யார் கைக்கும் எட்டாமல் இருக்க வேண்டும் என்று இன்று ஒரு பெண் என் மேஜைக்கு வந்து நின்றால், அவளுக்குச் சொல்ல என்னிடம் ஓர் ஊர்கூட இல்லை.