சோதிலிங்கம் சமைக்காத நத்தார்

ஜெர்மனியில் ஆஹென் நகருக்கு வெளியே ஒரு ஹோட்டல் சமையலறையில் சோதிலிங்கம் கால் நூற்றாண்டு வேலை செய்தார். அத்தனை வருசமும் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், இரவு வேலை அவர் தலையில்தான் விழுந்தது. "உனக்குத்தான் நத்தார் இல்லையே" என்று முதல் வருசம் தலைமைச் சமையற்காரர் சொன்னார். அகதியாக வந்து விசாவுக்குக் காத்திருந்த மனிதர் என்ன பேசுவார்? தலையை ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலோடு மிச்ச வருசங்களுக்கும் முடிவு கட்டிவிட்டார்கள். சைவ சமயக்காரன் என்றால் பிள்ளைகுட்டி கிடையாதா? வீட்டில் மரம் வைத்து விளக்குப் போட்டுவிட்டு அதுகள் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருக்காதா? ஒருவரும் யோசிக்கவில்லை. ஊரார் வான்கோழிக்கு அவர் வெண்ணெய் பூசினார். தன் பங்கை, எல்லாரும் போனபிறகு, ஆறிப்போனபடி தின்றார்.

இந்த வருசம் முழங்கால் கைவிட்டது, வேலையை விட்டார். இந்த நத்தாருக்காவது வீட்டு மேசையில் பிள்ளைகளோடு இருந்து சூடாகச் சாப்பிட வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். சொல்லாமலே விளங்கும் என்று நினைத்தார்.

மார்கழி பிறந்ததும் குடும்ப வாட்ஸ்அப்பில் ஆலோசனை தொடங்கியது. எர்லாங்கனில் எஞ்சினியராக இருக்கும் மகள் கிருசாந்தி முதலில் எழுதினாள்: "அப்பாவுக்கு வான்கோழி அலுத்துப்போயிருக்கும். இந்தமுறை வேற ஏதும் செய்வம்." வாசித்தவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. மகன் கவிஷன் வாத்து என்றான். ஜெர்மன்கார மருமகன் யோனாஸ் மான் இறைச்சி என்றான். கெண்டை மீன் வந்தது, காளானும் கஜுப் பருப்பும் வைத்த மச்சம் மாமிசமில்லாத ரோஸ்ட்கூட வந்தது. கடைசியில் வாத்து வென்றது.

"அப்பா, எங்கட ஒவனுக்குள்ள அஞ்சு கிலோ வாத்து கொள்ளுமோ? எத்தினை மணிக்குத் தொடங்குவியள்?" என்று கிருசாந்தி எழுதினாள்.

போனை மேசையில் குப்புறப் போட்டார். 

"வான்கோழிக்கு எத்தினை மாற்றுக் கண்டுபிடிச்சிருக்கினம். சமைக்கிறவனுக்கு ஒரு மாற்று இல்லையோ?" என்று மனைவி பாலாம்பிகையிடம் கேட்டார்.

"பிள்ளையள் ஆசைப்படுதுகள்" என்றாள் அவள்.

அவர் பதில் எழுதவில்லை, வாத்தும் வாங்கவில்லை. பிள்ளைகள் அந்த மௌனத்தை ஓம் என்றே எடுத்துக்கொண்டார்கள். படித்த பிள்ளைகள்!

இருபத்திநாலாம் தேதி பின்னேரம் வந்து இறங்கினார்கள். அடுப்படியில் வாசமில்லை, சூடில்லை. அப்பா மடிப்புக் கலையாத சட்டையோடு சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருந்தார்.

"அப்பா, வாத்து?" என்றாள் கிருசாந்தி.

"சமைக்க ஏலாது பிள்ளை. இண்டைக்கு நான் சாப்பிடுற ஆள்."

கடைகள் மத்தியானமே பூட்டியாயிற்று. மகனும் மகளும் ஒரே நேரத்தில் தாயின் முகத்தைப் பார்த்தார்கள். பாலாம்பிகையும் வழக்கம்போல எழும்பினாள். அப்போதுதான் சோதிலிங்கத்துக்கு உண்மையான கோபம் வந்தது.

"நீரும் இரும்" என்றார். அந்தக் குரலுக்கு அவள் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டாள்.

வீட்டில் கிடந்த உருளைக்கிழங்கையும் சோசேஜையும் பிள்ளைகள் தேடி எடுத்தார்கள். நத்தார் இரவில் தங்கள் வீட்டிலும் கிழங்கும் சோசேஜும்தான், அன்றைக்கு ஒருவரும் அடுப்படியில் மாயக்கூடாது என்பது தன் அம்மாவின் சட்டம் என்று கிழங்கை உரித்தபடி யோனாஸ் சொன்னான். இந்தப் பொடியன் இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கக் கூடாதா? மானை எழுதத் தெரிந்ததே!

ஒரு பக்கம் கருகிய சோசேஜோடு தட்டு அவருக்கு முன்னால் வந்தது. கிருசாந்தியின் கண் கலங்கியிருந்தது.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நாங்களே சமைச்சிருப்பமே, அப்பா."

"வாத்து ஒவனுக்குள்ள கொள்ளுமோ எண்டு கேக்கத் தெரிஞ்சுது. அப்பா எங்க இருப்பார் எண்டு கேக்கத் தெரியேல்லை."

 அவர் கிழங்கைப் பிட்டு வாயில் வைத்தார். நாக்குச் சுட்டது. ஊதக்கூட இல்லை, அப்படியே விழுங்கினார்.